அக்கம்பக்கம் கலைந்தது மனம் மாறியதாலா, சட்டம் மாறியதாலா?

#1 நாழிகை

நாலு பேர் உட்கார்ந்து பேசினால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. "முன்பெல்லாம் தெருவே ஒரு குடும்பம் மாதிரி இருக்கும், இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது." உடனே ஒருவர் கைப்பேசியைத் திட்டுவார், இன்னொருவர் தொலைக்காட்சியை. மூன்றாமவர் இளைய தலைமுறையை மொத்தமாகத் திட்டிவிட்டுக் கிளம்புவார்.

நானும் நெடுநாள் அந்த மூன்றாவது கட்சியில்தான் இருந்தேன். இப்போது எனக்கு வேறு சந்தேகம். மக்கள் கூடுவதைக் கலைத்த சட்டங்களைத் தேடிப் பார்த்தால், பாதிக்கு மேல் "சமூகம்" என்ற சொல்லே இருக்காது. எல்லாம் வரி, உற்பத்தி, போக்குவரத்து என்றுதான் பேசும்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1929-இல் சோவியத் ஒன்றியம் ஏழு நாள் வாரத்தையே தூக்கிவிட்டது. ஆலை ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பது கணக்கு. நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பங்குப் பேர் வேலையில் இருப்பார்கள். தாளில் பார்த்தால் ஓய்வு கூடித்தான் இருக்கிறது: ஏழு நாளுக்கு ஒன்று என்றிருந்தது ஐந்து நாளுக்கு ஒன்றாயிற்று. ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்றால் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாள் கிடையாது. நண்பர்கள் கதையும் அதுதான். 1931-லேயே பின்வாங்கி, எல்லாருக்கும் பொது ஓய்வு நாள் உள்ள ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940-இல் பழைய ஏழு நாள் வாரமே திரும்பி வந்துவிட்டது.

ஓய்வு கூடியும் சேர்ந்திருப்பது குறைந்தது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. உங்களுக்குத் தெரிந்த இப்படிப்பட்ட விதிகளைச் சொல்லுங்களேன்.

#2 எதிர்க்காற்று

நாழிகை ஐயா, ஸ்டாலின் கால ஆணையைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் தோற்றுத்தான் போவோம். மற்ற நாடுகளில் யார் யாரைக் கட்டாயப்படுத்தினார்கள்?

கையில் காசு வந்தது, மக்கள் விலகினார்கள். அவ்வளவுதான். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கடன் கேட்டு நின்றவருக்கு வங்கிக் கணக்கு வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பாட்டியை நம்பியவருக்குக் காப்பகம் வந்தது. கேட்டு நிற்கும் அந்தக் கூச்சம் போனதே ஒரு விடுதலை. பழைய நெருக்கத்தில் பாதி, வேறு வழியில்லாத நெருக்கம். அந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று கணக்கெடுத்தவர்களும் இருந்தார்களே, அவர்களை ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள்?

#3 சுழற்சிப்பணி

நான் செவிலியர். எதிர்க்காற்று சொல்லும் அந்தக் கணக்கெடுப்பவர்களிடம் நானும் மாட்டியிருக்கிறேன், இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வரும்போது. அதனால் அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கதை வேறு. இரண்டு வருடம் முன்பு ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தேன். ஒவ்வொரு புதனும் பயிற்சி. எங்கள் மருத்துவமனையில் அடுத்த வார டியூட்டி பட்டியல் இந்த வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். முதல் மாதம் இரண்டு புதன் போனேன், இரண்டாம் மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் நானே வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். குழுவில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குப் போக ஆசை இருந்தது, நேரமும் மொத்தத்தில் இருந்தது. எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியவில்லை, அதுதான்.

இதில் கைப்பேசிக்கு என்ன பங்கு?

#4 நாழிகை

அம்மா, நான் சொல்ல வந்ததை நீங்கள் ஒரு புதன்கிழமையில் சொல்லிவிட்டீர்கள்.

இதற்குச் சட்டம் போட்ட ஊர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பெரிய சங்கிலிக் கடைகள் ஊழியர்களுக்கு இரண்டு வாரம் முன்பே வேலை நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். 2017-இல் ஓரிகான் மாநிலம் முழுக்க அப்படி ஒரு சட்டம் வந்தது. மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது, கடை, உணவகம், விடுதி என்று பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்பில் இருந்த 139-ஆம் பிரிவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பெர்லின் நகர அரசு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்தபோது, 2009 டிசம்பர் 1 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. வழக்குப் போட்டவை தேவாலயங்கள். ஆனால் தீர்ப்பு வழிபாட்டோடு நிற்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பதால்தான் குடும்பம், சங்கம், நட்பு எல்லாம் நடக்கிறது என்பதையும் எடுத்துக்கொண்டது.

#5 எதிர்க்காற்று

அழகான தீர்ப்பு. அந்த ஞாயிறு யாருடைய ஞாயிறு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

1961-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஃபிலடெல்ஃபியா யூத வணிகர்கள் போனார்கள். சனிக்கிழமை அவர்கள் மதப்படி கடை திறக்க முடியாது, ஞாயிறு சட்டப்படி திறக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் வருமானம் போச்சு, பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு நாள்தான் போச்சு. நீதிமன்றம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. பொது ஓய்வு நாள் என்றால் பெரும்பான்மையின் ஓய்வு நாள். அது போக, அன்றைக்கும் பேருந்து ஓட்டுகிறவர், சுழற்சிப்பணி மாதிரி ஊசி போடுகிறவர் எல்லாம் வேலையில்தான்.

#6 நாழிகை

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யோசிக்கிறேன்.

#7 தணிக்கைக்காரர்

ஓய்வுபெறும் வரை உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். நீங்கள் நேரத்தைப் பேசுகிறீர்கள், நான் பணத்தைப் பேசுகிறேன். ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அதன் தலைவர் பேச்சைக் கேட்காதீர்கள். எந்த வரி ஊரிலேயே தங்குகிறது, எந்த மானியம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் 1978 ஜூனில் 13-ஆம் முன்மொழிவு என்று ஒன்று வாக்கெடுப்பில் வென்றது. வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் சொத்து வரி கூடாது. அந்த மதிப்பையும் வீடு கைமாறும்வரை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வரி ஏறி ஏறி வீட்டை விற்கும் நிலைக்கு வந்த முதியவர்களைக் காப்பாற்றத்தான் பலர் ஓட்டுப் போட்டார்கள். கெட்ட நோக்கம் என்று யாரும் சொல்ல முடியாது.

நகராட்சிப் பக்கம் நின்று பாருங்கள். வீடு கட்ட அனுமதித்தால் பள்ளி, குடிநீர், தீயணைப்பு என்று செலவு வரும். வரி கொஞ்சம்தான் வரும், அதுவும் ஏறாது. பெரிய கடைக்கு அனுமதித்தால் அங்கே நடக்கும் விற்பனையில் ஒரு சதவீத வரி நேராக ஊர்க் கஜானாவுக்கு. நீங்கள் நகராட்சி ஆணையராக இருந்தால் காலி மனையை யாருக்குக் கொடுப்பீர்கள்? கார் விற்பனை நிலையத்தைத் தங்கள் எல்லைக்குள் இழுக்க அடுத்தடுத்த நகராட்சிகள் போட்டி போட்டுச் சலுகை கொடுத்தன. வீடு குறைந்தது, வாடகை ஏறியது, அங்கே வேலை பார்ப்பவர்கள் தொலைவில் குடியிருந்து இரண்டு மணி நேரம் சாலையில் கழித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பாட்டுக் குழுவும் ஊர்க் கூட்டமும் போயின.

இன்னொரு வேடிக்கை. ஒரே மாதிரி இரண்டு வீடு, பக்கத்துப் பக்கத்தில். பழைய உரிமையாளரைப் போல ஐந்து மடங்கு வரி புதிதாக வாங்கியவருக்கு. இது 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், செல்லும் என்று தீர்ப்பானது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இருவர் அடுத்த வரி வாக்கெடுப்பில் ஒரே பக்கம் நிற்பார்களா?

#8 எதிர்க்காற்று

தணிக்கைக்காரர் ஐயா, உங்கள் உதாரணமே என் பக்கமும் பேசுகிறது. வரி ஏறாததால் மக்கள் வீட்டை விற்காமல் நெடுநாள் அங்கேயே இருந்தார்கள் அல்லவா? பழைய அக்கம்பக்கம் கலையாமல் இருந்தது. நாழிகை கேட்டதே அதைத்தான்.

#9 தணிக்கைக்காரர்

கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆமாம், இருந்தார்கள். பழைய தெரு அப்படியே நின்றது, நரைத்துக்கொண்டே. உள்ளே புதிதாக வர ஆள் இல்லை. அக்கம்பக்கம் என்பது இருப்பவர்களின் நீடிப்பு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி.

#10 வரைபடம்

நகரமைப்புத் துறையில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் செய்த பாவத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

1956-இல் அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழி செய்தது. செலவில் 90 சதவீதம் மைய அரசு தரும், மாநிலம் 10 சதவீதம் போட்டால் போதும். பத்து ரூபாய்ப் பொருள் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும்போது யார் பேருந்தையும் டிராமையும் பற்றி யோசிப்பார்கள்? ஊர் நடுவே சாலை போட்டார்கள். எந்தத் தெரு வழியாக என்ற கேள்விக்கு, நிலம் மலிவான இடம், எதிர்க்க வக்கீல் வைக்க முடியாத இடம் என்று விடை கிடைத்தது.

நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் அவென்யூ என்று ஒரு வீதி. கறுப்பின மக்களின் கடைவீதி அது. நடுவில் அகலமான புல்தரை, நெடுக ஓக் மரங்கள். ஊர்வலம், விளையாட்டு, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த நிழலில்தான். 1966-இல் மரங்களை வெட்டி, மேலே தூண் எழுப்பிச் சாலை போட்டார்கள். அதே நகரத்தில் ஆற்றங்கரையோரம், புகழ்பெற்ற பிரெஞ்சுக் குடியிருப்பை ஒட்டியும் ஒரு விரைவுச் சாலைத் திட்டம் இருந்தது. அங்கே எதிர்ப்பு வலுத்தது, நீதிமன்றம் வரை போனார்கள். 1969-இல் மைய அரசே அதைக் கைவிட்டது. இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

கிளேபோர்ன் மக்கள் இன்றும் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் கூடுகிறார்கள். கான்கிரீட் தூண்களில் ஓக் மரம் வரைந்து வைத்திருக்கிறார்கள். எதிர்க்காற்றுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அங்கே யாரும் விலகிப் போக ஆசைப்படவில்லை.

வாகன நிறுத்துமிட விதியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இழை நாறிவிடும். சுருக்கமாக: இத்தனை சதுர அடிக் கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்ற விதியால் பல கட்டடங்களில் மனிதருக்கான தரையைவிடக் காருக்கான தரை பெரிது. கடைக்கும் கடைக்கும் நடுவே தார்ப் பாலைவனம். யாரும் நடக்க மாட்டார்கள், நடக்காதவர்கள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். பஃபலோ நகரம் 2017-இல் அந்தக் கட்டாயத்தை நகரம் முழுக்க நீக்கியது.

#11 திண்ணைக்காரன்

எல்லாத்துக்கும் காரணம் அரசியல்வாதிகள்தான். எல்லாரையும் மாத்தணும். முடிஞ்சுது.

#12 மட்டுறுத்துநர்

திண்ணைக்காரன், முடியவில்லை. கட்சிப் பேச்சுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இங்கே குறிப்பிட்ட விதி, அதன் விளைவு என்று மட்டும் எழுதுங்கள்.

#13 மீனாள்

நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இதுவரை எல்லாரும் "நேரமும் இடமும் கிடைத்தால் மக்கள் கூடுவார்கள்" என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு அதில் ஒரு முள் குத்துகிறது.

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஒரே ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடியது, கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலை போனது. 1930-களின் தொடக்கத்தில் மரீ யாஹோடாவும் பவுல் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். இப்போது ஊரில் எல்லாருக்கும் நாள் முழுக்க நேரம். இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது, கட்டணத்தை நீக்கிய பிறகும். சங்கங்களில் ஆள் குறைந்தது. ஊரார் பெருமையாகப் பார்த்த பூங்காவில் களை மண்டியது. ஆண்கள் தெருவைக் கடக்கவே நின்று நின்று நடந்தார்கள், கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டார்கள். பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை இருந்தது, அவர்கள் நடையில் வேகம் குறையவில்லை.

என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நூலகம்தான் முதலில் கண்ணில் பட்டது. ஆனால் என்னை உலுக்கியது வேறு. உதவித்தொகை வாங்குபவர் எந்தச் சம்பாத்தியமும் செய்யக் கூடாது என்று விதி. மரம் வெட்ட உதவி விறகு வாங்கிக்கொண்டவரும், பால் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் பெற்ற பெண்ணும் உதவித்தொகையை இழந்தார்கள். யாரோ பெயரில்லாமல் எழுதிப் போட்டுவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுப்பதே குற்றமாயிற்று, அதைப் பார்த்துச் சொல்வது சாமர்த்தியமாயிற்று. அந்த விதியை எழுதியவர் மோசடியைத் தடுக்கத்தான் எழுதியிருப்பார்.

#14 எதிர்க்காற்று

மீனாள் அம்மா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். விதிக்குப் பங்கு இல்லை என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் விதியால் அக்கம்பக்கத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பதில் மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஜப்பானைப் பாருங்கள். 1974 முதல் பெரிய கடை திறக்க வேண்டுமானால் உள்ளூர்ச் சிறு வணிகர்களோடு பேசி முடிக்க வேண்டும் என்று சட்டம். அந்தப் பேச்சு சில இடங்களில் வருடக் கணக்கில் இழுத்தது. அமெரிக்கா வர்த்தகப் பேச்சில் நெருக்கி, விதி தளர்ந்தது. 1991 கடைசியில் ஒரு பெரிய அமெரிக்கப் பொம்மைக் கடை முதன்முதலாக அங்கே திறந்தது. இரண்டாவது கடைக்கு 1992 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே வந்தார். ஒரு பொம்மைக் கடைக்கு! 2000-இல் சட்டமே போனது. ஊர் நடுக் கடைவீதிகள் ஷட்டர் இறங்கிக் கிடந்தன, அதற்கு அவர்களிடம் ஷட்டர் தெரு என்று பெயரே உண்டு.

நீங்கள் சட்டம் போனதால் என்பீர்கள். சட்டம் இருந்தபோதே அந்தக் கடைகளுக்கு வாரிசு இல்லை. பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விட்டார்கள். சட்டம் சாவைத் தள்ளிப் போட்டது, அந்தக் காலமெல்லாம் வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

#15 வரைபடம்

வாரிசு இல்லை என்பது உண்மை. ஆனால் தள்ளிப் போட்டதைச் சாதாரணமாகச் சொல்லாதீர்கள். இருபத்தைந்து வருடம் என்பது ஒரு மனிதர் கடை வைத்து ஓய்ந்து போகும் காலம். கடைசியில் அவர்களே 2006-இல் நகரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, ஊருக்கு வெளியே மிகப் பெரிய கடைகள் எழுவதற்கு மறுபடி கடிவாளம் போட்டார்கள்.

#16 தணிக்கைக்காரர்

எதிர்க்காற்று முதலில் எழுதியதற்குத் திரும்புகிறேன். மக்கள் தாங்களாக விலகினார்கள் என்றார். விலகியதை எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் தணிக்கைக்காரனுக்கு அக்கறை.

பிரிட்டனில் 1963-இல் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் ஒரு அறிக்கை கொடுத்தார். 2,363 நிலையங்களை மூடலாம், சுமார் 5,000 மைல் பாதையை எடுத்துவிடலாம் என்றது. பயணிகள் இல்லை என்பது காரணம், பெருமளவு உண்மையும்கூட, கார் பெருகிக்கொண்டிருந்தது. ஆனால் எண்ணிக்கை எடுத்தது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம். கோடையில் மட்டும் கூட்டம் வழியும் கடற்கரைப் பாதைகள் ஏப்ரலில் காலியாகத்தானே இருக்கும்? இன்னொன்று, கிளைப்பாதையில் ஏறி முதன்மைப் பாதையில் நெடுந்தூரம் போகிறவரின் பயணத்தில் கிளைப்பாதையின் பங்கு சரியாக வரவு வைக்கப்படவில்லை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. கிளையை வெட்டினால் அவர் பேருந்தில் வந்து முதன்மை ரயிலைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு கார் வாங்கிக்கொண்டு இரண்டையும் விட்டுவிட்டார்.

எடின்பரோவுக்குத் தெற்கே எல்லைப்புற ஊர்களுக்குப் போன பாதையை 1969-இல் மூடினார்கள். அதில் ஒரு பகுதியை 2015-இல் மறுபடி கட்டித் திறந்தார்கள். நடுவே 46 வருடம். அந்த ஊர்களில் ஒரு தலைமுறை ரயில் இல்லாமலே பிறந்து வளர்ந்து, நகரத்தில் வேலை என்றால் வீட்டை மாற்ற வேண்டும் என்ற நினைப்பிலேயே நடுவயதுக்கு வந்துவிட்டது. அவர்கள் ஊரைவிட்டுப் போனதை நாம் தாங்களாக விலகினார்கள் என்று எழுதலாம். என் கையெழுத்தை அதில் போட மாட்டேன்.

#17 நாழிகை

#5-க்கு நேற்றிரவெல்லாம் யோசித்தேன். எதிர்க்காற்று சரி. பொது ஓய்வு நாளைச் சட்டமாக்கினால் யாரோ ஒருவருடைய நாள் எல்லாருக்கும் நாளாகும். நான் தலைப்பில் கேட்ட கேள்வியே கொஞ்சம் தவறு போலிருக்கிறது. மனமா சட்டமா என்று கேட்டேன். மீனாள் சொன்ன ஊரில் சட்டம்தான் மனதையும் மாற்றியிருக்கிறது. பெயரில்லாமல் புகார் எழுதியவர் ஆலை ஓடிய காலத்தில் நல்ல அண்டை வீட்டுக்காரராகவே இருந்திருப்பார்.

சுழற்சிப்பணி அம்மா, உங்கள் பாட்டுக் குழு என்ன ஆயிற்று?

#18 சுழற்சிப்பணி

குழு இருக்கிறது, நான்தான் இல்லை.

இந்த இழையைப் படித்த தைரியத்தில் பட்டியல் போடும் மேற்பார்வையாளரிடமே கேட்டுவிட்டேன், ஏன் கடைசி நேரத்தில் தருகிறீர்கள் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூடுதல் நேரப்படிக்கான தொகை வாரா வாரம் ஒப்புதல் ஆகி வருகிறதாம். அது வியாழன் மாலைதான் வரும். அதற்கு முன்னால் பட்டியல் போட்டால் அவர் கணக்குக் காட்ட வேண்டும். மாதத்துக்கு மொத்தமாக ஒப்புதல் தந்தால் ஒரு மாதப் பட்டியலே போட்டுவிடலாம் என்கிறார்.

#19 தணிக்கைக்காரர்

வார ஒப்புதலுக்கு ஒரு சுற்றறிக்கை இருக்கும். அது எந்த ஆண்டு தேதியிட்டது, எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

#20 சுழற்சிப்பணி

கேட்டேன். யாரும் அதைப் பார்த்ததில்லையாம். பழைய கோப்புகளில் தேடிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.